அளம் யார் கையில்

புதுச்சேரியை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வந்தால் மரக்காணம். பங்குனி வெயிலில் உப்பளத்து வரப்பில் இறங்கினால் முதலில் கண் கூசும். கீழே இருந்தும் வெயில் அடிக்கிறதோ என்று தோன்றும். கழிமுக நீரும் நிலத்தடி உப்புநீரும் பெரிய தேக்கங்களில் நின்று வெயில் வாங்குகின்றன. கெட்டிப்படக் கெட்டிப்பட, படிப்படியாகச் சிறு பாத்திகளுக்கு இறங்குகின்றன. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 பாகை சுற்றி இருக்கும். 25 பாகையைத் தொடும்போது உப்பு படிகமாகத் தொடங்கும். 29ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். இந்தச் சிறிய இடைவெளியில்தான் தொழிலின் மொத்த அறிவும் இருக்கிறது. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, பலகையால் உப்பை வாரி, வரப்பில் அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன் மூடி வைக்கிறார்கள். வாருவது பெரும்பாலும் ஆண்கள். கூடையில் தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றுவதில் பெண்களின் பங்கு பெரிது.

பிரெஞ்சுச் சமூகங்களும் ஸ்லாவியச் சமூகங்களும் வாழ்க்கை நிலையில் எப்படி வேறுபடுகின்றன என்ற கேள்வியை இந்த வரப்பில் நின்று கேட்கிறேன். தலைக்கு இத்தனை யூரோ என்று வருமான அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை வந்துவிடும் என்று நினைக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரெஞ்சு என்பது ஓர் அரசோடு பிணைந்த பெயர். ஸ்லாவியர் என்பதோ, திராவிடர் என்பதைப் போல, மொழிக் குடும்பத்தை வைத்துச் சொல்லும் பெயர். அதற்குள் போலந்துக்காரர், ரஷ்யர், உக்ரைனியர், ஸ்லோவேனியர், குரோவாசியர் என்று வெவ்வேறு வரலாறுகள் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே மாதிரி செய்த ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வது நல்லது. உப்பு அப்படிப்பட்ட வேலை. அட்லாண்டிக் ஓரத்துப் பிரெஞ்சுக்காரரும் இன்று ஸ்லாவிய நாடுகளாக இருக்கும் அட்ரியாட்டிக் ஓரத்தாரும் மரக்காணத்தாரைப் போலவே கடலையும் வெயிலையும் வைத்து, பாத்தி கட்டி, பலகையால் வாரி உப்பெடுத்தவர்கள். அதோடு, பிரான்சு என்பது மரக்காணத்துக்குத் தொலைவான சங்கதி அல்ல.

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கழிமுகத்தின் கரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. தக்காண சுபேதார் முசாபர் ஜங் 1750இல் அதைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அந்தச் சண்டைகள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இல்லாத இரண்டு தாள்கள் இந்தக் கரையின் வாழ்க்கையை அவற்றைவிட ஆழமாக மாற்றின.

நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பின் புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பித் தர ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டபோது அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. சென்னை மாகாணத்தில் 1805இலேயே உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முற்றுரிமையாக்கியிருந்தது. அளக்காரர் எடுத்த உப்பு முழுவதையும் கம்பெனிக்கே அளந்து கொடுக்க வேண்டும். அதற்குக் கம்பெனி தருவது 'குடிவாரம்'. பிறகு பல மடங்கு விலையில் அதே உப்பைக் கம்பெனி விற்கும். மரக்காணம் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த ஊர். இருபது முப்பது கிலோமீட்டர் தெற்கே இன்னொரு கொடியின் கீழ் வரியில்லாத உப்பு விளைந்தால், அது இரவோடு இரவாக எல்லை தாண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே 1815 மார்ச் 7இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மீதியை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு. அதுவும் போதவில்லை. 1818 மே 13இல் புதுச்சேரியில் இன்னோர் ஒப்பந்தம் வந்தது: பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுப்பதையே நிறுத்திவிட வேண்டும், அள உடைமையாளர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன், மக்களுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயரே கொடுப்பார்கள். முதலில் பதினைந்து ஆண்டுக்கு என்று தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னால் நீட்டிக்கப்பட்டது.

இந்த இரு தாள்களையும் நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அரசுக்குப் பணம் கிடைத்தது. அள உடைமையாளருக்கு ஈடு கிடைத்தது. பாத்தியை மிதித்தவரும், கூடை சுமந்தவரும் அந்தத் தாள்களில் எங்கே? உப்பு எடுக்கத் தெரிந்த ஒரு கரை, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உப்பை வாங்கித் தின்னும் கரையாக ஆனது. புதுச்சேரி நகரத்தின் தென்பகுதியில் இன்றும் ஒரு பேட்டையின் பெயர் உப்பளம். தேர்தல் தொகுதி ஒன்றுக்கும் அதே பெயர். உப்பை மட்டும் அங்கே காண முடியாது.

எல்லையின் அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தில் வேறு சில உரிமைகள் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதிச் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம். அதற்காகப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, நீதிமன்றத்துக்குள் காலணி அணிந்து வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பிரான்சு வரை வழக்கை எடுத்துச் சென்று வென்றவர். அந்த வழியில் போனவர்களின் பிள்ளைகள் இந்தோசீனாவில் அரசு வேலையிலும் படையிலும் சேர்ந்தார்கள். 1936 ஜூலை 30இல் புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றவர்களின் போராட்டத்தால் 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பாரிசில் அப்போது இடதுசாரி மக்கள் முன்னணி ஆட்சி இருந்ததும் அதற்கு உதவியது. ஆனால் பாருங்கள், தொழிலாளிக்குச் சட்டம் வந்த நேரத்தில் அந்தச் சட்டம் தொடுவதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் உப்பளம்கூட இல்லாமல் போயிருந்தது. உப்பளம் இருந்த இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சட்டமும் இல்லை.

1954இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. கையளிப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறையானது. அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவரைப் புதுச்சேரித் தமிழ் 'சொல்தா' என்று அழைக்கும். அவர் வீட்டுக்குப் பிராங்கில், பிறகு யூரோவில், ஓய்வூதியம் வந்தது. பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். எல்லையோரக் கோட்டக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்கும் அந்தப் பக்கம் பிறந்தவருக்கும் மொழி ஒன்று, சோறு ஒன்று, பல வீடுகளில் உறவும் ஒன்று. கையில் இருந்த தாள் மட்டுமே வேறு.

பிரான்சுக்குள்ளே பிரெஞ்சுக்காரரும் ஸ்லாவியரும் நேருக்கு நேர் நின்ற இடத்திலும் இதே தாள்தான் வேலை செய்தது. முதல் உலகப் போரில் ஆளிழந்த பிரான்சு, 1919 செப்டம்பரில் போலந்தோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளரை வரவழைத்தது. வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் போலந்துக் குடியிருப்புகள் எழுந்தன. 1931 கணக்கெடுப்பில் பிரான்சில் இருந்த போலந்துக்காரர் 5 லட்சத்துக்கு மேல். பொருளாதார மந்தம் வந்ததும் 1934-35இல் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஒரே சுரங்கத்தில் ஒரே கரியை வெட்டியவர்களில் குடியுரிமைத் தாள் இருந்தவர் தங்கினார், இல்லாதவர் போனார். நிறமும் மதமும் ஒன்றாக இருந்தும் அது காப்பாற்றவில்லை.

இனி உப்புக்கே வருகிறேன். பிரிட்டனிப் பகுதியின் தெற்கில், லுவார் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே, கெராந்து என்று ஓர் ஊர். அதைச் சுற்றி ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் உப்புச் சதுப்பு. அங்கே அளக்காரரைப் பலுதியே என்கிறார்கள். களிமண் தரை, களிமண் வரப்பு, நீண்ட கம்பில் பொருத்திய வாருபலகை. மரக்காணத்தார் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அரை நாளில் வேலையைப் பிடித்துக்கொள்வார் என்றே எண்ணுகிறேன். நம்மைப் போலவே அங்கும் பெண்கள்தான் மரத்தட்டில் உப்பை ஏந்தி, வெறுங்காலோடு வழுக்கும் வரப்பில் தலைச்சுமையாக ஓடினார்கள். பின்னால் தள்ளுவண்டி வந்து அந்தச் சுமையை இறக்கியது.

பிரெஞ்சுக்காரர் என்பதால் அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். கபேல் என்ற உப்பு வரி பிரான்சின் பல பகுதிகளை நூற்றாண்டுக் கணக்கில் வாட்டியது. வரி மிகுந்த பகுதிகளில் ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு இத்தனை உப்பு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேறு. பிரிட்டனிக்கு அந்த வரி இல்லை. ஆகவே பிரிட்டனி எல்லையில் ஒரு கோட்டைத் தாண்டினால் அதே உப்புக்கு இருபது மடங்குக்கு மேல் விலை. கடத்தல் பெருகியது, பிடிபட்டவர்கள் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டார்கள். புரட்சி 1790இல் அந்த வரியை ஒழித்தது, 1806இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1815இல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஆங்கிலேயர் எதற்கு அஞ்சினார்கள் என்பதைப் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. தம் நாட்டில் பார்த்ததுதானே.

சுரங்க உப்பும் ஆலை உப்பும் மலிவாக வந்தபோது கெராந்து சரிந்தது. 1960களின் இறுதியில் சதுப்பை உல்லாசப் படகுத் துறையாகவும் சாலையாகவும் மாற்றும் திட்டங்கள் கிளம்பின. இளைஞர் பலர் தொழிலை விட்டிருந்த நேரம் அது. அங்கே திருப்பம் வந்த விதம்தான் எனக்கு இந்த முழு ஒப்பீட்டிலும் முக்கியமாகப் படுகிறது. அளக்காரர்கள் 1972இல் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்தார்கள். 1979இல் தொழிலைக் கற்றுத்தரும் முறையான பயிற்சி தொடங்கியது. உப்பெடுக்கும் குடும்பத்தில் பிறக்காதவரும் அதில் சேரலாம். 1988இல் குழு கூட்டுறவாயிற்று. விளைந்த உப்பைக் கூட்டுறவு வாங்கிக்கொள்ளும். நல்ல ஆண்டில் மிஞ்சியதைச் சேமித்து, மழை கெடுத்த ஆண்டில் விற்கும். விளைச்சல் ஏறி இறங்கினாலும் அளக்காரரின் வருமானம் அந்த அளவுக்கு ஆடாது. கெராந்து என்ற பெயர் 2012இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பையும் பெற்றது. சமூகக் காப்பீட்டில் பலுதியே ஒரு விவசாயியாகவே பதிவாகிறார். நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படிகத்தை 'உப்புப் பூ' என்று பெயரிட்டுத் தனியே எடுத்துத் தனி விலைக்கு விற்கிறார்கள். காற்று இதமாக வீசும் மாலைகளில் மரக்காணத்துப் பாத்திகளிலும் அப்படி ஓர் ஏடு படரத்தான் செய்கிறது. பெயர் வைத்துத் தனியே விற்க ஆளில்லாததால் அது அம்பாரத்தோடு அம்பாரமாகிவிடுகிறது.

ஸ்லாவியர் பக்கம் கதை வேறு மாதிரி ஓடியது. அங்கே நெடுங்காலம் உப்பு அரசனுடையது. போலந்தின் வியெலிச்கா சுரங்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அரச உடைமை; மூன்றாம் கசிமிர் 1368இல் அதற்கென்றே சட்டம் இயற்றினார். அரச வருவாயில் மூன்றில் ஒரு பங்கு வரை உப்பிலிருந்து வந்த காலம் அது. சுரங்கத் தொழிலாளி கூலிக்காரர். உப்பில் அவருக்குப் பங்கு கிடையாது, ஆனால் சட்டத்தில் அவருக்கென்று இடம் எழுதப்பட்டிருந்தது. மாஸ்கோவில் 1646இல் உப்பு வரியைக் கடுமையாக ஏற்றினார்கள். உப்பு வாங்க முடியாமல் மீன் கருவாடாகாமல் அழுகியது. அடுத்த ஆண்டே வரியை நீக்கிவிட்டுப் பழைய பாக்கிகளை வசூலிக்கப் போனபோது 1648 ஜூனில் நகரம் கொதித்தெழுந்தது. உப்புக் கலகம் என்றே அதற்குப் பெயர். வேதாரண்ய உப்புச் சத்தியாக்கிரகத்தை அறிந்த நமக்கு அதைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை.

மரக்காணத்துக்குத் தொழில் முறையில் நெருங்கியது அட்ரியாட்டிக் கரைதான். இன்றைய ஸ்லோவேனியாவில் பீரான் என்ற துறைமுக ஊருக்கு அருகே செச்சோவ்லே உப்பளம். பதினான்காம் நூற்றாண்டில், இன்றைய குரோவாசியாவின் பாக் தீவிலிருந்து போன அளக்காரர்கள் அங்கே ஒரு நுட்பத்தைக் கொண்டு சேர்த்தார்கள். பாத்தியின் தரையில் நுண்பாசியையும் சுண்ணத் தாதுக்களையும் மெல்லிய தோல் போல வளர்த்தெடுப்பார்கள். சேறு உப்போடு கலக்காமல் அது தடுக்கும். பெத்தோலா என்று பெயர். நம் ஊரில் காலால் மிதித்துச் சாதிப்பதை அவர்கள் பாசியைக் கொண்டு சாதித்தார்கள்.

பீரான் வெனிஸ் ஆட்சியில் இருந்தது, பிறகு ஆஸ்திரியா, பிறகு இத்தாலி, 1954க்குப் பின் யூகோஸ்லாவியா, 1991 முதல் ஸ்லோவேனியா. அந்தக் காலத்தில், சித்திரை வாக்கில் புனித ஜார்ஜ் திருநாளன்று குடும்பங்கள் படகேறி உப்பளத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, ஆகஸ்டு இறுதியில் திரும்பும். நிலம் ஊர்ப் பெரிய குடும்பங்களுடையது, திருச்சபையுடையது. விளைச்சலில் பங்கு போக மீதியும் அரசு சொன்ன விலைக்கே போகும். கரையில் உப்பெடுத்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியம் பேசியவர்கள்; உள்நாட்டுக் கிராமத்து ஸ்லாவியர் வேளாண்மை செய்தவர்கள். எல்லை மாறியதும் இத்தாலியம் பேசிய குடும்பங்கள் கூட்டமாக வெளியேறின. அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் அரசு நிறுவனத்தின் கூலித் தொழிலாளர்கள். தாயிடமிருந்து மகளுக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு ஒரு தலைமுறையில் அறுந்தது. உப்பளத்தின் தென்பகுதி 1960களின் இறுதியில் கைவிடப்பட்டு, வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. வடபகுதியில் மட்டும் பழைய முறையில் உப்பெடுக்கிறார்கள். அதை நடத்தும் நிறுவனத்தின் உடைமை அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனத்திடம் போனது. உப்புக்கு அழகான பெட்டி, நல்ல விலை, பறவைகளுக்குப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. எடுப்பவர் சம்பளக்காரர். வியெலிச்காவில் 1996இல் உப்பு வெட்டுவதை நிறுத்தினார்கள். இன்று அங்கே வருமானம் சுற்றுலாவில். உக்ரைனின் உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தந்த சொலேதார் சுரங்கம் 2022இல் போரால் நின்றது.

கெராந்தில் அளக்காரர் விலை சொல்கிறார். பீரானில் அவர் சம்பளம் வாங்குகிறார், விலை சொல்வதில்லை. இந்த வேறுபாடு இரத்தத்தில் வந்ததல்ல. ஒரு பக்கத்தில் அளம் சிறு உடைமையாகவும் சிறு குத்தகையாகவும் கைமாறாமல் நின்றது, சேர்ந்து நிற்க ஒரு தலைமுறைக்கு அவகாசம் கிடைத்தது. மறுபக்கத்தில் ஒரே நூற்றாண்டில் மூன்று நான்கு கொடிகள் மாறின, ஒவ்வொரு மாற்றமும் மக்களைப் பெயர்த்தது.

மரக்காணத்தை இவற்றில் எதோடு வைப்பது? இங்கே 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். நிலத்தில் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளுடையது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனியாருக்கும் குத்தகை. அரசியல் சட்டத்தில் உப்பு மத்தியப் பட்டியலில் 58ஆம் எண்ணாக நிற்கிறது. விளைநிலத்து விவசாயிக்கு உரிய ஈடோ காப்பீடோ உப்பளத்தாருக்கு வருவதில்லை. அவர் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைக்காரர். சங்கம் என்ற பெயர் கெராந்திலும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது. நல்ல ஆண்டின் உப்பைக் கெட்ட ஆண்டுக்குச் சேர்த்து வைக்கும் கிடங்கும் முதலும் இருப்பதில்தான் வித்தியாசம். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தையும் அது சிறுநீரகத்துக்குச் செய்யும் கெடுதலையும் அளந்திருக்கிறார்கள். கழிப்பிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அளத்துக்குப் போய்வரும் எவருக்கும் தெரியும். அந்த வெயிலில் அது என்ன கொடுமை என்பதை எழுதிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

தமிழ்நாடு அரசு 2022இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதே சமயம் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 'நெய்தல் உப்பு' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இரண்டும் நல்லவை. ஐந்தாயிரம் மழைக்காலத்து மூன்று மாதத்துக்குப் போதாது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. மரக்காணத்து உப்பு தன் ஊர்ப் பெயரில் எந்தக் கடையில் விற்கிறது? பெரும்பாலும் மூட்டையாக லாரியேறிப் போய், வேறெங்கோ அயோடின் சேர்ந்து, வேறொரு பெயரில் திரும்பி வருகிறது. ஒருகாலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகில் சென்னைக்குப் போன உப்பு இது. அந்தக் கால்வாயின் தென்முனையே இந்த ஊர்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அளம் முழுவதும் கழிமுகத்தோடு ஒன்றாகிப் போனது. வெள்ளம் வடிந்த பிறகு தேக்கங்களிலும் பாத்திகளிலும் படிந்த வண்டலை வாரி, உடைந்த வரப்பைக் கட்டி, தரையை மறுபடியும் மிதித்து இறுக்க வேண்டும். முதல் உப்பு கண்ணில் படப் பல வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் கூலி கொடுக்கச் சிறு குத்தகையாளர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். மாசியில் பாத்தி வெளுக்கும்போது மூட்டைக்கு என்ன விலை என்று சொல்வதும் அந்த வியாபாரிதான்.